எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்றது? ஃபைனல் ஃபேன்டஸி டென்-2 பத்தி விளக்கமா

"அண்ணா, பத்தாவது விளையாடணும்னா முன்னாடி ஒன்பதையும் முடிச்சிருக்கணுமா?" ஃபைனல் ஃபேன்டஸின்ற ஜப்பான் வீடியோ கேம் சீரிஸ் பத்தி பேச்சு எடுத்தாலே நம்ம கடலூர் பசங்க மொதல்ல கேக்கற கேள்வி இது தான். தேவையே இல்ல தம்பி. 1987 டிசம்பர்ல ஸ்கொயர் கம்பெனிக்காக ஹிரோனோபு சகாகுச்சி டீம் ஃபாமிகாம்ன்ற நின்டெண்டோ மெஷின்ல விட்ட மொத கேம்ல இருந்தே இந்த சீரிஸோட வழக்கம், நம்பர் மாறுனா உலகமே மாறிடும். புது ஊரு, புது ஆளுங்க, புது சண்டை முறை. ஏறி ஓட்டிக்கிட்டுப் போற சோகோபோ பறவை, சிட்னு பேர் வச்ச ஒரு ஆளு, பகாமுத்னு ஒரு டிராகன், இப்டி சில விஷயம் மட்டும் கேமுக்கு கேம் கூடவே வரும், மத்தபடி ஒரு கதை முடிஞ்சா முடிஞ்சது தான், அந்த ஆளுங்கள திரும்பப் பாக்க முடியாது.

அதனால தான் 2003 மார்ச் 13ஆம் தேதி ஜப்பான்ல டென்-2 வந்தது அவ்ளோ பெரிய விஷயமா இருந்துச்சு. பதினொண்ணு ஏற்கனவே 2002ல ஆன்லைன் கேமா வந்தாச்சு, பன்னெண்டு இன்னும் தயாராகல, நடுவுல பத்துக்கே திரும்பிப் போய் அதே உலகம் அதே ஆளுங்கனு ரெண்டாம் பாகம் எடுக்கறாங்க. அஞ்சாவது கேமுக்கு அப்புறம் நடக்கற மாதிரி 1994ல ஒரு அனிமே வந்துச்சு தான், ஆனா கேமாவே நேரடித் தொடர்ச்சினா இந்த சீரிஸ்ல இது தான் மொத தடவை.

இந்த கேம பத்தி நம்மூர்ல பேச்சே கம்மி. காரணம் புரிஞ்சிக்கக்கூடியது தான். பிளேஸ்டேஷன் 2 நம்ம பக்கம் நிறைய பேருக்கு அறிமுகமானது வீட்ல இல்ல, மணிக்கு இவ்ளோனு காசு வாங்கற கேம் சென்டர்ல. அங்க ஃபுட்பால், ரெஸ்லிங், கார் ஓட்டறது, இதெல்லாம் தான் ஓடும். அம்பது அறுபது மணி நேரம் ஓடற கதைய மணிக்கணக்குல காசு குடுத்து, சொந்தமா 8 எம்பி மெமரி கார்டு ஒண்ண பாக்கெட்ல வச்சிக்கிட்டு வந்து யாரு விளையாடுவா? அப்டியே விளையாடுனவங்களும் பத்தோட நிறுத்திட்டாங்க, டென்-2 அட்டைய பாத்துட்டு "இது என்னமோ மூணு பொண்ணுங்க டிரெஸ் மாத்தற கேம்"னு ஒதுக்கிட்டாங்க. அந்தப் பேர் இன்னைக்கு வரைக்கும் போகல. எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏன்னா நம்ம கரையில பொறந்து வளந்தவங்களுக்கு இவ்ளோ நெருக்கமா வர்ற வேற ஆர்பிஜி கேம், அதாவது ஒரு ஆளா மாறி கதைக்குள்ள போய் விளையாடற கேம், எனக்குத் தெரிஞ்சி இல்ல. ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு ரெண்டு கேம் கதையையும் முழுசா ஒடைக்கணும். ஸ்பாய்லர் வேணாம்னு நெனைக்கறவங்க இங்கயே நிறுத்திட்டு விளையாடிட்டு வாங்க.

பத்தாவது கேம் 2001 ஜூலை 19 அன்னிக்கு ஜப்பான்ல வந்துச்சு. சீரிஸ்ல மொத தடவையா ஆளுங்க வாயத் தொறந்து பேசுனது இதுல தான். யோஷினோரி கிடாசே தயாரிப்பு, கசுஷிகே நோஜிமா கதை. ஸ்பைரானு ஒரு உலகம். முழுக்க கடல், தீவு, கரையோர ஊருங்க. அங்க சின்னு ஒரு பிரம்மாண்டமான ஜீவன் கடல்ல இருந்து எழும்பி வந்து ஊர் ஊரா அழிச்சிட்டுப் போகுது. ஆயிரம் வருஷமா இது தான் நடக்குது. யெவோன்ற மதம் என்ன சொல்லுதுனா, மனுசங்க மெஷின் வச்சிக்கிட்டு ஆடுன பாவத்துக்கு தண்டனை தான் சின், பாவம் தீர்ற வரைக்கும் அது வந்துக்கிட்டே தான் இருக்கும்.

அத தற்காலிகமா அடக்க ஒரு வழி இருக்கு. சம்மனர்னு சொல்றவங்க கோயில் கோயிலா யாத்திரை போய், ஒவ்வொரு கோயில்லயும் ஏயான்ற சக்திய வாங்கி, கடைசியா ஸானர்கண்ட்ன்ற இடிஞ்சி போன நகரத்துக்குப் போய் இறுதி ஏயான வாங்கணும். அத அழைச்சா சின் செத்துடும், கூடவே அந்த சம்மனரும் செத்துடுவாங்க. அப்புறம் சில வருஷம் நிம்மதி. அப்புறம் சின் திரும்ப வரும். யூனா அப்டி ஒரு சம்மனர், 17 வயசுப் பொண்ணு, அவங்க அப்பா பிராஸ்காவும் பத்து வருஷம் முன்னாடி இப்டித் தான் உயிர விட்டவரு. அவ கூட பாதுகாப்புக்கு போறவங்கள்ல டீடஸ்னு ஒரு பையன், அவனுக்கு மட்டும் இந்த யாத்திரை முடிஞ்சா யூனா செத்துடுவாங்கற விஷயமே தெரியாது. கேம்ல பாதிக்கு மேல போனதுக்கு அப்புறம் தான் அவனுக்குத் தெரியும், நமக்கும் அப்போ தான் தெரியும், அது வரைக்கும் வழியெல்லாம் சிரிச்சிக்கிட்டே வந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்னு நெனைக்கறப்போ ஒரு மாதிரி ஆயிடும்.

கடைசில அவங்க அந்தப் பழைய வழியையே வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு, இறுதி ஏயான் இல்லாமலே சின்னோட கதையையே நிரந்தரமா முடிக்கறாங்க. ஆனா அதுக்கு விலை, ஏயான்கள் எல்லாம் போயிடும், அந்த ஏயான்களுக்கு மூலமான ஆத்மாக்களோட கனவுல உருவான டீடஸும் கரைஞ்சி போயிடுவான். யூனா பொழச்சிக்கிட்டா, டீடஸ் போயிட்டான். முடிஞ்சது. அந்த முடிவப் பாத்துட்டு ஜப்பான்ல இருந்து எல்லா ஊர்லயும் ஆளுங்க அழுதாங்க.

இப்போ கம்பெனி பக்கம் கொஞ்சம் பாத்துடலாம். பத்தாவது கேம் வந்த அதே 2001 ஜூலைல தான் ஸ்கொயர் பெரும் செலவுல எடுத்த முழுநீள கம்ப்யூட்டர் அனிமேஷன் படமும், த ஸ்பிரிட்ஸ் விதின், தியேட்டருக்கு வந்து படுத்துச்சு. கம்பெனிக்கு பெரிய நஷ்டம். கேம் ஓடுது, படம் கைய கடிக்குது. 2002 ஜனவரில பத்தாவது கேமோட இன்டர்நேஷனல் பதிப்ப ஜப்பான்ல விட்டப்போ கூடவே எடர்னல் காம்னு ஒரு குட்டி வீடியோ குடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி யூனா பெஸெய்ட் தீவுல என்ன பண்ணிட்டு இருக்காங்கறது தான் அந்த வீடியோ. ஊரே வந்து அவகிட்ட ஆலோசனை கேக்குது, பெரிய மனுசங்க வந்து பாக்கறாங்க, அவளுக்குனு ஒண்ணும் இல்ல. அப்போ யாத்திரைல அவ கூட வந்த ரிக்குன்ற பொண்ணு ஒரு ஸ்பியர் கொண்டாந்து காட்டறா, ஸ்பியர்னா அந்த உலகத்து வீடியோ டேப்பு மாதிரி, அதுல ஜெயில்ல அடைபட்டு இருக்கற ஒருத்தன் டீடஸ் மாதிரியே இருக்கான். இந்த குட்டி வீடியோவுக்கு கெடைச்ச வரவேற்பு தான் டென்-2க்கு விதை. அந்த ஆளு யாருனு தெரிஞ்சிக்க யூனா, ரிக்கு, பெயின்னு மூணு பொண்ணுங்க ஏர்ஷிப்ல ஏறி ஊர் ஊரா ஸ்பியர் தேடிப் போறது தான் டென்-2.

வேலைய மோட்டோமு தோரியாமா டைரக்‌ஷன்ல ஆரம்பிச்சாங்க, அவரு பத்தாவதுல காட்சிகள பாத்துக்கிட்டவரு. நோஜிமா கூட டைசுகே வதனபேவும் கதை எழுதுனாரு. டீம் முன்னாடி இருந்ததுல மூணுல ஒரு பங்கு தான், நேரமும் ஒரு வருஷம் கிட்ட தான். பத்தாவதுல செஞ்ச ஊரு, ரோடு, காடு, மனுச மாடல், எல்லாத்தையும் எடுத்து திரும்ப யூஸ் பண்ணாங்க. 2003 ஏப்ரல் 1ல ஸ்கொயரும் எனிக்ஸும் ஒண்ணாகறதுக்கு முன்னாடி ஸ்கொயர் பேர்ல வந்த கடைசி ஃபைனல் ஃபேன்டஸி இது தான்.

"பழைய மேப்ப வச்சே காசு பாத்துட்டாங்க"ன்ற குற்றச்சாட்டு அங்க இருந்து தான் வருது. செலவக் கொறைக்கறதுக்காகத் தான் பண்ணாங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா இந்த கேமோட மொத்த அர்த்தமும் அந்தப் பழைய மேப்புல தான் இருக்குனு நான் நெனைக்கறேன். புது நாடு ஒண்ண உருவாக்கி யூனாவ அங்க அனுப்பி இருந்தா இந்தக் கதைய சொல்லவே முடியாது. நீங்க ஏற்கனவே அந்த ரோட்ல நடந்திருக்கணும், சாவ நோக்கிப் போற ஒரு பொண்ணு கூட மணிக்கணக்கா நடந்திருக்கணும், அப்போ தான் அதே ரோடு ரெண்டு வருஷம் கழிச்சி எப்டி இருக்குனு பாக்கறதுல ஒரு வலியும் ஒரு சந்தோஷமும் வரும்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். பத்தாவது கேம்ல கிலிக்கானு ஒரு ஊரு, தண்ணி மேல கட்டை அடிச்சி கட்டுன வீடுங்க. சின் வந்து ஒரே நிமிஷத்துல அந்த ஊர வழிச்சி எடுத்துட்டுப் போயிடும். அன்னிக்கு சாயங்காலம் யூனா தண்ணி மேல நடந்து போய் செத்தவங்க ஆத்மா கரை சேர ஒரு நடனம் ஆடுவா, கரையில பெத்தவங்க கதறிக்கிட்டு இருப்பாங்க. இத ஜப்பான்ல உக்காந்து எழுதுனது 2001க்கு முன்னாடி. 2004 டிசம்பர் 26 காலைல தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டைனு நம்ம கரையெல்லாம் என்ன ஆச்சுனு யாருக்கும் சொல்லத் தேவையில்ல, கடலூர் மாவட்டத்துல மட்டும் 600க்கும் மேல உயிர் போச்சு. பிச்சாவரம் பக்கம் எம்ஜிஆர் திட்டுல இருந்தவங்க ஊரையே விட்டுட்டு வந்துட்டாங்க. அதுக்கு அப்புறம் அந்தக் கிலிக்கா காட்சிய விளையாடறவங்க அத வெறும் கேமா பாக்க முடியாது, நான் பாக்கல.

ஆனா நான் சொல்ல வர்றது அந்த அழிவுக் காட்சிய பத்தி இல்ல. அழிவ காட்டற கேமுக்கு என்ன பஞ்சம், எத்தனையோ இருக்கு. அழிவு முடிஞ்சி ரெண்டு வருஷம் ஆனதுக்கு அப்புறம் அந்த ஜனங்க என்ன பண்றாங்கனு பாக்கற கேம் தான் கெடையாது. டென்-2 அத தான் பண்ணுது. கிலிக்கால திரும்ப வீடு கட்டிட்டாங்க. பசங்க ஓடியாடறாங்க. யாத்திரைல யூனாவுக்கு காவலா வந்த வாக்காவும் லூலுவும் பெஸெய்ட்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, லூலு மாசமா இருக்கா. வாக்காவ பெத்தவங்கள சின் கொண்டு போனது அவன் கைக்குழந்தையா இருக்கப்போ, அவங்க முகமே அவனுக்கு ஞாபகம் இல்ல, அப்பாவ பாக்காம வளந்தவன் எப்டி அப்பாவா இருக்கறதுனு பயந்துக்கிட்டு திரியறான். பத்தாவதுல எந்த ராட்சசனுக்கும் பயப்படாதவன். இதுக்கு சண்டை எதுவும் இல்ல, பாஸ் ஃபைட் இல்ல, நீங்க அந்த ஊருக்கு அப்பப்போ போய் அவன எட்டிப் பாக்கணும் அவ்ளோ தான்.

சின் இருந்த வரைக்கும் யாரும் பத்து வருஷத்துக்கு அப்புறம்னு யோசிச்சதே இல்ல. இப்போ திடீர்னு எல்லாருக்கும் நாளைனு ஒண்ணு கெடைச்சிருக்கு, அத என்ன பண்றதுனு தெரியல. இந்த ஒரு விஷயத்த தான் கேம் ஊர் ஊரா போய் காட்டுது.

காம் லேண்ட்ஸ்னு ஒரு பெரிய புல்வெளி, காலங்காலமா சம்மனருங்க சின் கூட மோதி செத்த எடம். பத்தாவதுல அங்க காத்து சத்தம் தான் கேக்கும். டென்-2ல அது பொழுதுபோக்கு பார்க். ஆர்ஜென்ட்னு ஒரு கம்பெனி, ஓப்பன் ஏர்னு ஒரு கம்பெனி, ரெண்டும் போட்டி போட்டு கேம் ஸ்டால் நடத்துது, யூனாவே ஊர் ஊரா போய் அதுக்கு விளம்பரம் பண்ற மிஷன் கூட இருக்கு. இத விட ஸானர்கண்ட். யாத்திரையோட கடைசி எடம், யூனாவோட அப்பா உயிர குடுக்கக் கெளம்புன எடம், பத்தாவது கேம் ஆரம்பிக்கறதே அங்க நெருப்பு மூட்டி எல்லாரும் பேசாம உக்காந்து இருக்கறதுல இருந்து தான். அங்க இப்போ டூரிஸ்ட் கூட்டம். இசாருனு ஒருத்தரு, முன்னாடி அவரும் சம்மனரு தான், யூனா மாதிரியே சாகத் தயாரா கெளம்புனவரு, இப்போ அங்க கைடு வேலை பாக்கறாரு, வர்றவங்கள கூட்டிட்டுப் போய் இது தான் அந்த எடம்னு காட்டறாரு.

யூனாவுக்கு இது தாங்காது. அவ கத்த மாட்டா, ஆனா மூஞ்சி மாறிடும். அதுக்கு கேம் குடுக்கற தீர்வு என்னனா, அங்க சுத்தற குரங்குங்கள ஜோடி ஜோடியா சேத்து வச்சி குரங்கு பெருகி கூட்டம் ஓடிப் போற மாதிரி பண்றது. கேக்க விளையாட்டா இருக்கும். ஆனா பத்தாவது முழுக்க அந்த எடத்துக்குனு தலை குனிஞ்சி போனவ, இப்போ குரங்குக்கு ஜோடி தேடிக்கிட்டு அதே படிக்கட்டுல ஏறி எறங்கறா, அந்த எடத்தோட பாரம் கொறையுது. அத டிசைன் பண்ணவங்க நல்லா யோசிச்சி தான் பண்ணி இருக்காங்க.

ஞாயித்துக்கெழமை சாயங்காலம் சில்வர் பீச்ல நின்னு பாருங்க. பஜ்ஜி கடை, குதிரை சவாரி, ஃபேமிலியோட வந்தவங்க, புதுச்சேரில இருந்து வண்டி எடுத்துட்டு வந்தவங்க. அதே தேவனாம்பட்டினம் கரை தான். டிசம்பர் 26 வந்தா அதே மணல்ல நின்னு கடல்ல பால் ஊத்தி பூ போடறாங்க. இந்த ரெண்டு கூட்டத்துல எது சரி எது தப்புனு என்னால சொல்ல முடியாது, கரையில இருக்கறவங்களுக்கு வருமானமும் அந்த ஞாயித்துக்கெழமை கூட்டத்துல இருந்து தான் வருது. டென்-2வும் தப்பு சரி சொல்லல. சிட் தான் அந்த டூரிசத்துக்கு முன்ன நிக்கற ஆளு, அவரு யூனாவோட சொந்த மாமா, கெட்டவரு இல்ல. யூனாவோட சங்கடமும் நெஜம், இசாருவோட பொழப்பும் நெஜம்.

அரசியல் பக்கம் இன்னும் நல்லா இருக்கும். யெவோன் சொன்னதெல்லாம் பொய்னு வெளிய வந்தாச்சு, அப்போ ஆயிரம் வருஷம் அத நம்புனவங்க எங்க போவாங்க? கொஞ்சம் பேரு மெதுவா மாறலாம்னு நியூ யெவோன் கட்சி, தலைவர் பராலாய். கொஞ்சம் பேரு பழசெல்லாம் வேணாம் உண்மைய தோண்டி எடுப்போம்னு யூத் லீக், தலைவர் நூஜ். அல்பெட் ஜனங்க, மெஷின் வச்சிருந்ததுக்காக காலங்காலமா ஒதுக்கப்பட்டவங்க, இப்போ அவங்களுக்கு தான் மவுசு, மெஷின் ஃபேக்‌ஷன்னு கிப்பல் நடத்தறான். இந்த மூணு தலைவனும் ஒரு காலத்துல ஒரே படைப்பிரிவுல இருந்த நண்பர்கள், யூனா கூட இருக்கற பெயின்ற பொண்ணு தான் அப்போ அவங்கள வீடியோ எடுத்தவ. ரெண்டாவது அத்தியாயம் ஆரம்பிக்கறப்போ உங்க கைல ஒரு முக்கியமான ஸ்பியர் இருக்கும், அத யூத் லீக்குக்கு குடுக்கறதா நியூ யெவோனுக்கு குடுக்கறதானு நீங்க தான் முடிவு பண்ணணும். யாருக்கு குடுத்தாலும் இன்னொரு பக்கம் இருக்கறவன் உங்கள பாக்கற பார்வை மாறிடும், நேத்து வரைக்கும் வணக்கம் வச்சவன் இன்னைக்கு வாசல்லயே நிறுத்துவான்.

மகலானியா காடு மட்டும் தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கற எடம். பத்தாவதுல அந்த நீல வெளிச்சக் காட்டுல தான் யூனாவும் டீடஸும் தண்ணிக்குள்ள நின்னு பேசுவாங்க, அந்தக் கேமோட பேர் போன காட்சி. அந்தக் காடு உயிரோட இருந்ததே ஃபெய்த்ங்க, அதாவது ஏயான்களுக்கு மூலமா இருக்கற ஆத்மாக்களோட சக்தியால தான். சின் செத்து ஃபெய்த் போனதும் காடு சாக ஆரம்பிச்சிடுச்சு. ஜெயிச்சதுக்கு விலை இது. யூனா பண்ண நல்ல காரியம் தான் அந்தக் காட்ட கொன்னுச்சு, அவளுக்கும் அது தெரியும்.

அதே மாதிரி ஏயான்களும். பத்தாவதுல கோயில் கோயிலா வேண்டி வேண்டி வாங்குன சக்திங்க, கூப்ட்டா வந்து நின்னு காப்பாத்துனதுங்க, இதுல இருட்டு புடிச்சி எதிரியா வந்து நிக்குதுங்க. பெவெல் கோயிலுக்கு அடியில பகாமுத், பெஸெய்ட்ல வாலஃபோர், கிலிக்கால இஃப்ரித். யூனாவே சுடணும். கண்ட்ரோலர புடிச்சிருக்கறது நாம தான்றதால அந்த சண்டைல கை ஒரு நிமிஷம் தயங்கும்.

சண்டை முறைய பத்தி சொல்லாம விடக்கூடாது, ஏன்னா இந்த கேம வெறுக்கறவங்க கூட அத பாராட்டுவாங்க. பத்தாவதுல நேரம் நின்னுடும், யாரு டர்ன் அடுத்து வரும்னு ஓரத்துல லிஸ்ட் இருக்கும், நிதானமா யோசிச்சி அடிக்கலாம். டென்-2ல நேரம் ஓடிக்கிட்டே இருக்கும். 1991ல நாலாவது கேமுக்காக ஹிரோயுகி இட்டோ கொண்டாந்த ஏடிபி (ஆக்டிவ் டைம் பேட்டில்) முறைய எடுத்து அதுல வேகத்த ஏத்தி இருக்காங்க, எதிரியும் நீங்களும் ஒரே நேரத்துல அடிச்சிக்கலாம், மூணு பேரு அடியையும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு விழற மாதிரி கோத்தா சேதம் கூடும். இதுக்கு மேல தான் டிரெஸ்ஸ்பியர். மூணாவது, அஞ்சாவது கேம்ல இருந்த ஜாப் முறை தான் இது. பிளாக் மேஜ், வொயிட் மேஜ், வாரியர், சாமுராய், டார்க் நைட்னு ஒவ்வொரு டிரெஸ்ஸும் ஒரு தொழில். வித்தியாசம் என்னனா சண்டை நடுவுலயே மாத்தலாம், ஆனா இஷ்டத்துக்கு இல்ல, கார்மென்ட் கிரிட்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பக்கத்து கட்டத்துல இருக்கற டிரெஸ்ஸுக்கு தான் போக முடியும், அதனால எத எங்க வச்சிருக்கோம்ன்றதே ஒரு பிளான். ஒரே சண்டைல எல்லா கட்டத்தையும் சுத்தி முடிச்சா ஆளுக்கொரு ஸ்பெஷல் டிரெஸ் தொறக்கும். அட்டைய பாத்து "டிரெஸ் மாத்தற கேம்"னு ஒதுக்குனவங்க அந்த சீரிஸ்லயே ரொம்ப வேகமான, மூளைக்கு வேலை குடுக்கற சண்டை முறைய விட்டுட்டாங்க.

இன்னொண்ணு, யூனா டிரெஸ் மாத்தறதுக்கு கதையிலயே அர்த்தம் இருக்கு. ஒரே ஒரு வேலைக்காக தன்னைத் தானே தயார் பண்ணிக்கிட்ட பொண்ணு அவ, சாகற வேலைக்கு. 19 வயசுல மொத தடவையா நான் வேற என்னவா இருக்கலாம்னு யோசிக்கறா. பாடகியா, துப்பாக்கி சுடறவளா, மந்திரக்காரியா. சில டிரெஸ்ஸுங்க தேவைக்கு மேல கவர்ச்சியா இருக்குன்றத நான் மறுக்கல, அத வேற மாதிரி வரைஞ்சிருக்கலாம். ஆனா அந்த எண்ணம் சரியான எண்ணம்.

பாட்டு விஷயத்துல பெரிய சண்டையே நடந்துச்சு. மொத கேம்ல இருந்து பத்து வரைக்கும் ஒவ்வொண்ணுலயும் நோபுவோ உயேமாட்சு இசை இருந்துச்சு, இதுல அவரு இல்ல. நோரிகோ மட்சுயேடாவும் தகாஹிட்டோ எகுச்சியும் பண்ணாங்க, ஜப்பான் பாப் பாட்டு மாதிரி, துள்ளலா. ஆரம்பமே லூக்கா ஸ்டேடியத்துல கச்சேரி, கோடா குமி பாடுன ரியல் எமோஷன். பத்தாவதோட பியானோவ நெஞ்சுல வச்சிருந்தவங்களுக்கு இது அடி மாதிரி விழுந்துச்சு. என்னைக் கேட்டா ஆரம்பக் கச்சேரி அப்டி தான் இருக்கணும், ஆயிரம் வருஷம் கழிச்சி பயம் இல்லாம ஒரு கூட்டம் கூடுது, அங்க சோகப் பாட்டா போடுவாங்க? ஆனா நடுவுல சில ஊருங்கள்ல பின்னணி இசை ரொம்ப மெலிசா போயிடுது, அங்க உயேமாட்சு இல்லாதது தெரியும்.

நாலாவது அத்தியாயம் தான் ஆளுங்கள ரெண்டா பிரிக்கற எடம். நீங்க செல்சியஸ்ன்ற ஏர்ஷிப்ல உக்காந்துக்கிட்டு ஊர் ஊரா வச்சிருக்கற கேமரா வழியா ஜனங்கள பாத்துக்கிட்டு இருப்பீங்க. அவ்ளோ தான். சண்டை கம்மி. போர் அடிக்குதுனு நிறைய பேரு வேகமா தாண்டிடுவாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேமராவ தொறந்து பாத்தா அங்க ஒரு குட்டிக் கதை நகந்துக்கிட்டு இருக்கும். கடைசில தலைவனுங்க காணாம போய் ஊரு சண்டைக்கு தயாராகற நேரத்துல யூனா இடி விழற தண்டர் பிளெய்ன்ஸ்ல கச்சேரி வைக்கறா, எல்லா கட்சிக்காரனும் ஒரே மைதானத்துல மழைல நனைஞ்சிக்கிட்டு நின்னு கேப்பான்.

கொறைனு சொன்னா மெயின் கதை தான் பலவீனம். ஷுயின்னு ஆயிரம் வருஷத்து ஆவி, லென்னேன்ற காதலி செத்த கோவத்துல வெக்னகன்ற ராட்சச ஆயுதத்த வச்சி உலகத்தையே அழிக்கப் பாக்கறான். ஸ்பியர்ல டீடஸ்னு நெனைச்சது இவன தான். ஊர் ஊரா அவ்ளோ நுணுக்கமா எழுதுனவங்க கடைசில வழக்கமான ஒரு உலகம் அழியப்போகுது கதைய ஒட்டிட்டாங்க. யூனா கூட ஸ்பியருக்கு போட்டி போடற லெப்லாங்க் கும்பல் வர்ற எடங்களும் கொஞ்சம் இழுவை. அப்புறம் அந்த பர்சன்ட் கணக்கு. நீங்க பண்ற ஒவ்வொண்ணுக்கும் கேம் சதவீதம் போட்டுக்கிட்டே வரும், 100 ஆனா தான் முழு முடிவும் கெடைக்கும். இதனால ஊர சுத்திப் பாக்க வேண்டிய கேம நிறைய பேரு கைடு புக்க பக்கத்துல வச்சிக்கிட்டு டிக் அடிச்சி அடிச்சி விளையாடுனாங்க. விமர்சகருங்க மார்க்லயும் இந்த எறக்கம் தெரியுது, விமர்சன மார்க்க எல்லாம் சேத்து சராசரி போடற மெட்டாக்ரிட்டிக் சைட்ல பத்தாவதுக்கு 92, இதுக்கு 85.

முடிவ பத்தி சண்டை இன்னும் ஓயல. மூணாவது அத்தியாயம் முடியறப்போ யூனா இருட்டுல தனியா விழுந்து கெடப்பா, அப்போ பட்டன அழுத்துனா தூரத்துல ஒரு விசில் சத்தம் கேக்கும். பத்தாவதுல லூக்கா நகரத்துல டீடஸ் அவளுக்கு வெரல வாய்ல வச்சி விசில் அடிக்க சொல்லிக் குடுத்தான், கூட்டத்துல தொலைஞ்சிட்டா விசில் அடி, ஓடி வந்துடறேன்னு. பத்தாவது முடியறப்போ அவ கடல பாத்து அந்த விசில அடிப்பா, யாரும் வர மாட்டாங்க. இதுல அந்த விசில கேட்டு, கடைசில ஃபெய்த் பையன் அவன திரும்பப் பாக்கணுமானு கேக்கறப்போ ஆமான்னு சொன்னா டீடஸ் பெஸெய்ட் கடல்ல இருந்து எழுந்து வருவான். பத்தாவதோட சோகத்த இது கெடுத்துடுச்சுன்னு சொல்றவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்ல. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்கனு நமக்குத் தெரியாதா என்ன, கடலோரத்துல இருக்கற எல்லாருக்கும் தெரியும். கேம் அத கேள்வியா கேட்டு, வேணாம்னு சொல்றதுக்கும் எடம் வச்சிருக்கு. வேணாம்னு சொன்னா யூனா தனியா, தன் கூட்டாளிங்களோட முன்னாடி போறா, அதுவும் முழுசான முடிவு தான்.

வியாபாரம் நல்லா போச்சு, ஜப்பான்ல 2003ல ரொம்ப அதிகமா வித்த கேம்கள்ல இது ஒண்ணு. இதுக்கு அப்புறம் கம்பெனிக்கு தொடர்ச்சி எடுக்கறதுல இருந்த கூச்சம் போயிடுச்சு. பன்னெண்டுக்கு 2007ல ரெவனன்ட் விங்ஸ், நாலுக்கு 2008ல ஆஃப்டர் இயர்ஸ், பதிமூணுக்கு 2011ல 13-2, 2013ல லைட்னிங் ரிட்டர்ன்ஸ். கடைசி ரெண்டும் இதே தோரியாமா டைரக்‌ஷன் தான். அதுல எதுவும் பழைய ஊருக்கு திரும்பப் போய் அங்க இருக்கறவங்க எப்டி இருக்காங்கனு இவ்ளோ பொறுமையா விசாரிக்கல.

இப்போ விளையாடணும்னா ரொம்ப சுலபம். பத்து, டென்-2 ரெண்டும் சேந்த எச்டி ரீமாஸ்டர் 2013 டிசம்பர்ல மொதல்ல பிஎஸ்3, பிஎஸ் வீட்டால வந்துச்சு, 2015ல பிஎஸ்4, 2016ல ஸ்டீம், 2019ல ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன். ஸ்டீம்ல விலை கொறையறப்போ வாங்கிக்கலாம், பழைய லேப்டாப்லயே ஓடும். வரிசை: மொதல்ல பத்து முழுசா, அப்புறம் மெனுல இருக்கற எடர்னல் காம் வீடியோ, அப்புறம் டென்-2. லாஸ்ட் மிஷன்னு ஒண்ணு இருக்கும், அது மூணு பொண்ணுங்களும் ஒரு கோபுரத்துல ஏறிக்கிட்டே பேசிக்கற சின்ன கதை, நேரம் இருந்தா பாருங்க. வில்னு ஒரு ஆடியோ நாடகமும் வச்சிருக்காங்க, அதுல சின் திரும்ப வந்துட்டதா கதை போகும், அத கேக்காம விட்டுடுங்கனு தான் சொல்வேன், டென்-2 கட்டுன அத்தனையையும் அது கலைக்குது.

பர்சன்ட் பத்தி மொத தடவை கவலையே படாதீங்க, ரெண்டாவது சுத்துல மிச்ச கணக்கு சேந்துடும். ஒரே ஒரு விஷயம். மேசென்னு ஒரு பெரியவரு அங்கங்க நின்னு வரலாறு சொல்லுவாரு, ரொம்ப நீளமா பேசுவாரு, நடுவுல அவசரப்பட்டு பட்டன அழுத்தி நிறுத்திடாதீங்க, கண்ட்ரோலர கீழ வச்சிட்டு முழுசா கேளுங்க. கதை முடியற பக்கம் அவரு யாருனு தெரியறப்போ, அந்தப் பேச்சு எல்லாம் எங்க இருந்து வந்துச்சுனு புரியும்.